மூழ்கிய நெல் 'பொறுத்திருக்கு' என்கிறோமே, அதற்குப் பிரக்ஞை உண்டா?

வெண்ணாற்றங்கரை கேட்டது:
திருவாரூர், நாகைப் பக்கம் தாழ்வான வயல்களில் கார்த்திகை மழைக்குச் சம்பா பயிர் முழுதாக மூழ்கிவிடும். சாதாரண ரகம் தண்ணீருக்கு மேலே தலைகாட்ட விறுவிறுவென்று நீள்கிறது. வெள்ளம் தாங்கும் ரகமான சி.ஆர். 1009 சப் 1 நீளாமல் அடங்கிக் கிடந்து, வடிந்ததும் துளிர்க்கிறது. நிலைமை அறிந்து முடிவெடுப்பதுபோல் இருக்கிறதே. இதைப் பிரக்ஞை எனலாமா?

குருத்து:
தண்ணீரில் வாயு பரவுவது காற்றைவிட ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவு. அதனால் பயிரில் ஊறும் எத்திலீன் என்ற ஹார்மோன் வாயு போக வழியின்றி உள்ளேயே தேங்கும். சாதாரண ரகத்தில் அது தண்டை நீட்டும் ஹார்மோனான ஜிப்பரெல்லினைத் தூண்டும். கையிருப்புச் சர்க்கரையெல்லாம் தண்டை நீட்டவே கரையும். தண்ணீர் வடிந்தால் நிற்கத் தெம்பின்றிச் சாயும். சப் 1 ரகத்தில் இருக்கும், 2006இல் அடையாளம் கண்ட சப்1ஏ மரபணுவை முடுக்குவதும் இதே எத்திலீன்தான். ஆனால் அந்த மரபணு ஜிப்பரெல்லினை அடக்கிவிடும். சர்க்கரை மிஞ்சுவதால் இரண்டு வாரம்வரை தாங்கும்.

யோசித்து எடுத்த முடிவென்றால் வெள்ளத்துக்கு வெள்ளம் மாற வேண்டும். சப் 1 மாறாது. முழங்கால் தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கும் வயலில், நீண்டால் பிழைக்கலாம் என்ற இடத்திலும், அது நீளாது. அங்கே அந்த ரகம் எடுபடாததற்குக் காரணம் இதுதான். (வடிந்த கையோடு யூரியா வீசாதீர்கள், தயவுசெய்து. ஐந்தாறு நாளில் புதுக் குருத்து எழும்பட்டும்.)

தொட்டாற்சிணுங்கி:
நெல்லுக்குச் சரி. மறதி, நினைவு பற்றி என்ன சொல்வீர்கள்? 2014இல் தாவர ஆய்வாளர் மோனிகா காக்லியானோவின் குழு தொட்டாற்சிணுங்கித் தொட்டிகளை 15 செ.மீ. உயரத்திலிருந்து நுரைமெத்தைமேல் 60 முறை தொடர்ந்து விழவிட்டது. செடிகள் போகப் போக மடங்குவதை நிறுத்தின. 28 நாள் கழித்தும் அப்படியே.

செய்து பார்ப்பவர்கள் காலையில் செய்யுங்கள். வாடிய செடி, காற்றடிக்கும் வாசல், இலை தானே மூடும் அந்திநேரம் மூன்றும் கணக்கைக் கெடுக்கும். மடங்காமல் நின்றதும் தொட்டியை வேறுவிதமாக உலுக்குங்கள். அப்போது மடங்கினால் வெறும் களைப்பென்று சொல்வது கஷ்டம். உலுக்கல் விழுவதைவிட வலுவாக இருந்துவிட்டால் மட்டும் இந்தச் சோதனை ஒன்றையும் காட்டாது.

குருத்து:
நினைவு இருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். நினைவுக்கும் அனுபவத்துக்கும் இடையில் இன்னும் ஒரு படி இருக்கிறது. கொதிக்கும் சட்டியில் கை பட்டால், தண்டுவடமே கையை இழுத்துவிடும்; 'சுடுகிறது' என்பது மூளைக்கு எட்டுவது பிறகுதான். நம் உடம்பிலேயே எதிர்வினை வேறு, வலி வேறு.

ஈதர் வாதமும் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். மயக்க மருந்தான ஈதரின் ஆவியில் தொட்டாற்சிணுங்கி மடங்காது என்று 1870களிலேயே பிரெஞ்சு உடலியலாளர் க்ளோது பெர்னார் காட்டினார். மயங்குகிறது, ஆகவே விழித்திருந்தது என்பார்கள். ஈதர் தடுப்பது உயிரணுச் சவ்வின் மின்துடிப்பை. அது இல்லாவிட்டால் இலைக்காம்பின் அடியில் பருத்திருக்கும் மூட்டிலிருந்து பொட்டாசியமும் தண்ணீரும் வெளியேறாது, இலையும் தொங்காது. விழிப்பு என்ற ஒன்றைக் கொண்டுவராமலே விளக்கம் முடிந்துவிடுகிறது.

வெண்ணாற்றங்கரை:
அப்படியானால் புல்லும் மரமும் ஓரறிவு என்ற தொல்காப்பியக் கணக்கு?

தொட்டாற்சிணுங்கி:
அந்த ஓர் அறிவு 'உற்றறிவது', தொடுவதை அறிவது. மனத்தை ஆறாவதாக, மக்களுக்கு வைத்திருக்கிறார். குருத்து சொல்லும் அந்தப் படி அங்கேயும் தனியாகத்தான் நிற்கிறது.