படகு எஞ்சினுக்கு டிஸ்ட்ரிபியூட்டரும் டைமிங்கும்: பினாங்கில் நாங்கள் பார்த்தவை

பத்து மாவுங்கில் நண்பர் ஒருவர் பழைய வேகப்படகு வாங்கினார். உள்ளே மெர்க்ரூசர் 5.7 லிட்டர், அதாவது செவர்லே 350 வி8. கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) மாற்றினார், நாலு பேரல் கார்பரேட்டர் போட்டார். கடைசியில் மலிவாகக் கிடைத்ததென்று ஒரு கார் டிஸ்ட்ரிபியூட்டரைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு சிலிண்டரின் பிளக்குக்கும் முறைப்படி மின்சாரத்தைப் பிரித்து அனுப்புவது அதுதான். "ரெண்டும் ஒரே எஞ்சின்தானே அண்ணே, அப்படியே உட்காருது" என்றார். உட்காரும், உண்மைதான். ஆனாலும் போட வேண்டாம் என்று பிடிவாதமாகத் தடுத்தேன்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ரோட்டார் என்ற கை சுற்றச் சுற்ற, மேல்மூடியான கேப்பின் ஒவ்வொரு முனைக்கும் தீப்பொறி தாவிக்கொண்டே இருக்கும். காரில் பெட்ரோல் ஆவி கசிந்தால் காற்றோடு போய்விடும். படகில் போக வழி ஏது? அது காற்றைவிடக் கனமானது. எஞ்சின் பெட்டிக்கு அடியில் தேங்கி நிற்கும். மரைன் டிஸ்ட்ரிபியூட்டரின் காற்றுத் துளைகளில் நுண்ணிய வலை வைத்திருப்பார்கள். உள்ளே ஆவி பற்றிக்கொண்டாலும் சுடர் வெளியே வராது. எஸ்ஏஇ ஜே1171 என்ற தரக்குறிப்பு இதற்குத்தான். ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டருக்கும் இதே கதைதான். இந்த மூன்றிலும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். நல்ல சாமான் போட்ட பிறகும், ஸ்டார்ட் பண்ணுமுன் புளோவரை, அதாவது எஞ்சின் பெட்டியின் ஆவியை வெளியேற்றும் விசிறியை, நாலு நிமிடம் ஓடவிடுங்கள்.

அந்தக் கார் டிஸ்ட்ரிபியூட்டரில் வேக்குவம் அட்வான்ஸ் வேறு இருந்தது. எஞ்சினின் உறிஞ்சலைக் கொண்டு தீப்பொறியை முன்கூட்டியே வரவைக்கும் அமைப்பு அது. நெடுஞ்சாலையில் கார் லேசாக மிதித்த ஆக்சிலரேட்டரில் ஓடும்போது உள்ளே போகும் கலவை குறைவு, மெதுவாக எரியும். அதனால் தீப்பொறியை இன்னும் முன்னால் தள்ளுகிறார்கள். படகு அப்படி இல்லை. நிற்காமல் மலையேறும் லாரி மாதிரி, எப்போதும் பாரத்தோடுதான் ஓடும். அதற்கு மெக்கானிக்கல் அட்வான்ஸ் மட்டும் உள்ளது போதும்; வேகம் கூடக் கூட உள்ளிருக்கும் எடைகள் விரிந்து தீப்பொறியை முன்னால் தள்ளும்.

சரி, டைமிங். பிஸ்டன் உச்சிக்கு வருமுன் எத்தனை கிராங்க் டிகிரியில் தீப்பொறி வருகிறது என்பதுதான் அது. பலர் ஐடிலில் 10 டிகிரி வைத்துவிட்டு வேலை முடிந்ததென்று நினைக்கிறார்கள். வேகப்படகுக்கு முக்கியம் மொத்த அட்வான்ஸ். எடை முழுதாக விரிந்த பிறகு, 3000 முதல் 3500 ஆர்பிஎம்மில், டைமிங் லைட் (பிளக்கோடு சேர்ந்து மின்னி டைமிங் குறியைக் காட்டும் விளக்கு) என்ன காட்டுகிறது என்று பாருங்கள். பழைய ரக ஹெட் உள்ள 350க்கு 30லிருந்து 32க்குள் நிறுத்துவேன். பிந்தைய ரகமான வோர்டெக் ஹெட்டில் கலவை வேகமாக எரியும், அதற்கு இன்னும் குறைவாகவே போதும். மொத்தத்தை முதலில் முடிவு செய்யுங்கள், ஐடில் எண் தானாக வரும்: மொத்தம் 32, டிஸ்ட்ரிபியூட்டர் தருவது 22 என்றால் மிச்சம் 10. ஒரு விஷயம் கவனம். டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றும். சில தாள்களில் 11 என்று போட்டிருப்பது டிஸ்ட்ரிபியூட்டர் டிகிரி. கிராங்கில் அது 22.

இன்னும் ரெண்டு டிகிரி ஏற்றினால் வேகம் கூடும் என்று ஆசை வரும். காரில் நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டும் சத்தம்) வந்தால் காதில் விழும். படகில் எக்ஸாஸ்ட் சத்தத்தில் எதுவும் கேட்காது, பிஸ்டன் ஓட்டையாகும்போதுதான் தெரியும். அதனால் புதிய டைமிங்கில் முழு வேகத்தில் ஓட்டி, எஞ்சினைச் சட்டென்று நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் குட்டிக் குட்டியாக அலுமினியப் புள்ளிகள் தெரிந்தால் உடனே டைமிங்கைக் குறையுங்கள்.

பெட்ரோல் விஷயத்திலும் ஒரு குழப்பம் உண்டு. அமெரிக்கக் கையேட்டில் ஆக்டேன் 87 போதும் என்று இருக்கும். நம்மிடம் ரோன்95 இருக்கிறதே, டைமிங்கை எவ்வளவு ஏற்றினாலும் தாங்கும் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் கணக்கே வேறு. அந்த 87 நம் கணக்கில் ஏறக்குறைய 91, 92. வித்தியாசம் அவ்வளவுதான்.

*

அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டர்வொர்த்தில் எங்கள் பட்டறைக்கு ஒரு எஞ்சின் வந்தது. ரோலர் கேம் போட்டிருந்தார்கள், டிஸ்ட்ரிபியூட்டரில் சாதாரண வார்ப்பிரும்புப் பல்சக்கரம். அந்தக் கேம் பில்லெட் ஸ்டீல்; அதோடு உரசி ஓடும் வார்ப்பிரும்புப் பல் சேராது. பல் தேய்ந்து டைமிங் ஆடியது, தூளெல்லாம் எண்ணெயில். கேம் விற்றவரிடம் எந்தப் பல்சக்கரம் பொருந்தும் என்று கேட்டு வாங்குங்கள். வெண்கலப் பல்சக்கரம் போட்டால் அது சீக்கிரம் தேயும், அடிக்கடி பார்க்க வேண்டும். கேப்பில் பித்தளை முனைதான் நல்லது. நம் கடல் காற்றில் அலுமினிய முனை சீக்கிரம் பூத்துவிடும்.

மெர்க்ரூசரின் மின்னணு இக்னிஷனான தண்டர்போல்ட் 5 வைத்திருப்பவர்கள் ஊதா-வெள்ளை வயரை எர்த் பண்ணிவிட்டுத்தான் அடிப்படை டைமிங் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் மாட்யூல் தானே ஏற்றி இறக்கும், லைட்டில் குறி ஒரு இடத்தில் நிற்காது. பார்த்து முடித்ததும் வயரை எடுத்துவிடுங்கள்.

*

பழைய எஞ்சின் என்றால் டைமிங் குறியையே நம்ப வேண்டாம், தம்பிகளா. கிராங்கின் முன்பக்கம் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸரில்தான் குறி இருக்கும்; அதன் வெளிவளையம் ரப்பரில் ஒட்டியிருக்கும். வருஷக்கணக்கில் சூட்டில் கிடந்த ரப்பர் வழுக்கினால் குறியும் நகர்ந்துவிடும். லைட் 32 காட்டும், உள்ளே 38 ஓடும். பெர்லிஸிலிருந்து வந்த ஒரு படகில் இதைக் கண்ணால் பார்த்தேன். எல்லா பிளக்கையும் எடுத்துவிட்டு, முதல் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப் (பிஸ்டனை உச்சிக்குப் போகவிடாமல் தடுக்கும் திருகு) திருகி, எஞ்சினைக் கையால் மெதுவாக இரண்டு பக்கமும் சுற்றி, நிற்கும் இரண்டு இடங்களுக்கும் நடுவில் புதுக் கோடு போடுங்கள். ஸ்டார்ட்டரால் சுற்றாதீர்கள், பிஸ்டன் உடையும். வளையம் நகர்ந்திருந்தால் கோடு போட்டு ஓட்டுவதோடு விடாமல் பேலன்ஸரையே மாற்றுங்கள். முழு வேகத்தில் அது கழன்று பறந்தால் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் ஆபத்து.