சூப்பர்ஹீரோ காமிக்ஸில் தலைசிறந்தது: எதை வைத்து அளப்பது?

டர்பன் வாசகர்:
சென்ற வாரம் நண்பர் ஒருவர் இங்கே இட்ட தலைசிறந்த பத்து சூப்பர்ஹீரோ படைப்புகளின் பட்டியலில் ‘வாட்ச்மென்’ முதலிடம் பெற்றதைக் கண்டு சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அதில் மறுப்பில்லை. 1986, 1987 ஆண்டுகளில் 12 இதழ்களாக வந்த அக்கதையை ஆலன் மூர் எழுத, டேவ் கிப்பன்ஸ் பெரும்பாலும் பக்கத்துக்கு ஒன்பது கட்டங்கள் என்ற சட்டத்துக்குள் வரைந்தார். அதன் ஐந்தாம் இதழைப் பாருங்கள். முதல் பக்கத்தின் கட்ட அமைப்பு கடைசிப் பக்கத்திலும், இரண்டாம் பக்கத்தினுடையது அதற்கு முந்தைய பக்கத்திலும் கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பி, இரு பாதிகளும் நடுப்பக்கங்களில் வந்து கூடுகின்றன. திரைப்படத்திலோ நாவலிலோ இதைச் செய்ய வழியில்லை. காமிக்ஸால் மட்டுமே இயல்வதை எது செய்துகாட்டுகிறதோ, அதுவே சிறந்தது என்பேன்.

சாட்ஸ்வொர்த் ஆசிரியை:
ஐயா, கட்டங்களை எண்ணிப் பார்த்து வியப்பது ஓவியம் பயில்பவருக்குப் பொருந்தலாம். நம் தென்னாப்பிரிக்காவுக்குத் தொலைக்காட்சி வந்ததே 1976இல்தான். அதற்கு முன் எங்கள் தெருப் பிள்ளைகள், பழைய புத்தகத்தைக் கொடுத்துச் சில காசு கட்டி வேறொன்றை மாற்றிக்கொள்ளும் கடைகளில்தான் காமிக்ஸ் படித்தார்கள். அவற்றில் வானத்தில் பறந்தவர் அனைவரும் வெள்ளையர். அதே பத்தாண்டில் கறுப்பின வாசகர்களுக்கென்றே அரசின் ஆதரவோடு வந்த ‘மைட்டி மேன்’ திருடர்களைப் புடைத்தெடுத்தானே தவிர, கறுப்பினத்தவர் அனுமதிப் புத்தகமின்றி நடமாடக் கூடாது என்ற பாஸ் சட்டத்தின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆகையால் என் தேர்வு, 1973 முதல் 1975 வரை ‘ஜங்கிள் ஆக்‌ஷன்’ என்ற வெட்கக்கேடான பெயருடைய இதழில் டான் மெக்ரெகர் எழுதிய ‘பாந்தர்ஸ் ரேஜ்’ என்னும், கற்பனை ஆப்பிரிக்க நாடொன்றின் மன்னனான பிளாக் பாந்தரின் தொடர்கதை. நாயகன், பகைவன், காவலர், குடியானவர் என ஏறத்தாழ அனைவரும் கறுப்பினத்தவர். அயல்நாட்டில் இருந்துவிட்டுத் திரும்பும் மன்னனை அவனுடைய மக்களே சந்தேகத்தோடு பார்க்கிறார்கள்.

டர்பன் வாசகர்:
அம்மா, அது முக்கியமான படைப்பு என்பதில் ஐயமில்லை. சிறந்த படைப்பா என்பதுதான் கேள்வி. மெக்ரெகரின் விவரிப்பு வரிகள் பக்கமெங்கும் வழிகின்றன. படம் சொல்லி முடித்ததைச் சொற்கள் மீண்டும் சொல்கின்றன. 1966இல் வந்த ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 33ஆம் இதழை இதனோடு ஒப்பிடுங்கள். பெரும் இயந்திரத்தின் அடியில் அகப்பட்ட நாயகன் அதைத் தூக்க முயலும் பக்கங்களில், ஸ்டீவ் டிட்கோ கட்டங்களை மெல்லமெல்லப் பெரிதாக்கி, அவன் தூக்கி எறியும் கணத்துக்கு ஒரு முழுப் பக்கத்தைக் கொடுத்துவிடுகிறார். அங்கும் வசனம் இருக்கிறது, ஆனால் அதை மறைத்துவிட்டுப் பார்த்தாலும் நமக்கு மூச்சுத் திணறும்.

ஜோகன்னஸ்பர்க் விருதுநகரான்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நீங்கள் இருவரும் சொல்பவற்றை நான் பிற்பாடுதான் படித்தேன். எனக்கு முதல் நாயகன், 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது வந்த ‘இரும்புக்கை மாயாவி’. இங்கிலாந்தில் பிறந்த கதை சிவகாசியில் அச்சாகி, தமிழ் பேசியது. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து, இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். மொழியும் நாடும் மாறிய பின்னும் சிறுவர்களை உறங்கவிடாத கதை சிறந்ததில்லையென்றால் வேறு எது சிறந்தது? (‘ஸ்பைடர்’ என்று நாம் கொண்டாடிய குற்றச் சக்கரவர்த்தியின் கதைகளில் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் என்பதை அறிந்த நாளில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.)

டர்பன் வாசகர்:
நண்பரே, உங்கள் நினைவில் நிற்பது கதையா, அந்தரத்தில் மிதக்கும் அந்தக் கையா? அந்தக் கை ஓவியரின் கைவண்ணம். நீங்கள் என் கட்சிக்கே சாட்சி சொல்லியிருக்கிறீர்கள்.

சாட்ஸ்வொர்த் ஆசிரியை:
சொற்கள் மிகுதி என்பதை ஒப்புக்கொள்கிறேன். நானே சில பத்திகளைத் தாண்டிச் சென்றிருக்கிறேன். ஆனால் முக்கியம் வேறு, சிறப்பு வேறு என்று நீங்கள் கோடு கிழித்த இடத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. பொதுவாக இந்த நாயகர்கள் இம்மாதம் அடி வாங்கினால் அடுத்த மாதம் புத்தம்புதிதாக வந்து நிற்பார்கள். மெக்ரெகரின் மன்னனோ இதழுக்கு இதழ் கிழிந்த உடையோடும் காயங்களோடும் நடக்கிறான். ரிச் பக்லரும் பில்லி கிரகாமும் வரைந்த அந்த உடலில் காலம் கடப்பது தெரிகிறது. அடுத்த இதழுக்காகக் காத்திருக்கும் வாசகரின் காலத்தையும் கதைக்குள் சேர்த்துக்கொள்வது, தொடராக வரும் காமிக்ஸுக்கே உரிய திறன் இல்லையா? உங்கள் அளவுகோலையே எடுத்துக்கொண்டுதான் கேட்கிறேன்.

டர்பன் வாசகர்:
அந்தக் கோணத்தில் நான் பார்த்ததில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. வரும் சனிக்கிழமை அத்தொடரை மீண்டும் எடுத்து, விவரிப்பு வரிகளின் மேல் ஒரு காகிதத்தை வைத்து மறைத்துக்கொண்டு படிக்கப் போகிறேன். காயங்கள் தாமாகவே பேசினால் என் பட்டியலில் அதற்கு இரண்டாமிடம் உண்டு, முதலிடத்தைக் கேட்காதீர்கள்.