புதுப்பிப்பு: சுங்கை சிப்புட் திருமணமும் அருகில் நாங்கள் பார்த்த இடங்களும்

அக்காள் மகளின் திருமணத்திற்காக, மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் நகருக்குச் செல்லவிருப்பதாகவும், வயதான அப்பாவை அழைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தில் எதைப் பார்க்கலாம் என்றும் முன்பு கேட்டிருந்தேன். யோசனை கூறிய அனைவருக்கும் நன்றி. திருமணம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் சிறப்பாக நடந்தேறியது.

மறுநாள் கோலாகங்சார் சென்றோம். 1917-இல் கட்டி முடிக்கப்பட்ட உபுடியா பள்ளிவாசலின் பொன்னிறக் குவிமாடம் கண்கொள்ளாக் காட்சிதான். ஆயினும் எங்களை நெகிழவைத்தது, 1877-இல் அந்நகரில் நடப்பட்ட கன்றுகளுள் எஞ்சி, மாவட்ட அலுவலகத்தின் அருகே வேலிக்குள் நிற்கும் ரப்பர் மரமே. பால்மரம் சீவியே எங்களைப் படிக்கவைத்த அப்பா, அதன் பட்டையை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கும் வெட்டுக்கோட்டைக் காற்றிலேயே விரலால் வரைந்து பேரப்பிள்ளைகளுக்குக் காட்டினார். தோட்டத்து வழிவந்த எந்தக் குடும்பமும் அம்மரத்தைப் பார்க்காமல் திரும்பக் கூடாது என்பேன்.

பத்துகாஜா அருகிலுள்ள கெல்லி மாளிகை, உரிமையாளர் 1926-இல் இறந்ததால் முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. படிகள் மிகுதி என்பதால் அப்பா கீழேயே அமர்ந்துகொண்டார். மாளிகையின் உரிமையாளர் தம் தொழிலாளர்களுக்காகக் கட்டிய மாரியம்மன் கோயிலும் அருகிலேயே இருக்கிறது. கூரைமேல் தெய்வச் சிலைகளுக்கிடையே அவருடைய உருவமும் நிற்கிறது.

சொந்த வண்டி இல்லாதவர்கள் இடிஎஸ் (ETS) எனும் மின்சார ரயிலில் சுங்கை சிப்புட் நிலையத்திலேயே இறங்கலாம். கெல்லி மாளிகைக்கு மட்டும் ஈப்போவிலிருந்து வாடகைக் கார் அமர்த்திக்கொள்வது நல்லது.