ஹைப்போஸ்டாசிஸ்: ‘நிலையர்’ என்றொரு முன்மொழிவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மறைக்கல்விக் குறிப்பேட்டுச் சொற்பட்டியலில் இரண்டு வாரமாக ஒரு கட்டம் மட்டும் காலியாகக் கிடக்கிறது. கிரேக்கத்தில் ஹைப்போஸ்டாசிஸ், இலத்தீனில் பெர்சோனா. கடவுள் ஒருவர், ஆனால் தந்தை, மகன், தூய ஆவியார் என்று மூவர் என்கிறோமே, அந்த மூவரில் ஒவ்வொருவரையும் குறிக்கும் பொதுச்சொல் எது என்பதுதான் கேள்வி. ‘ஆள்தத்துவம்’ இருக்கும்போது புதிது எதற்கு என்கிறார் கோலாலம்பூர் ஐயா. ‘நிலை’ எளிமையானது என்கிறார் பிரிக்பீல்ட்ஸ் அக்கா. ஜார்ஜ்டவுன் தம்பி ‘உள்ளவர்’ என்று ஒன்றைச் சொல்லியிருக்கிறார். மூன்றையும் வகுப்பில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதலாம் என்றிருந்தேன், அதுதான் தாமதம்.

வகுப்பில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு பூசை முடிந்து படிவம் இரண்டுப் பிள்ளைகள் பதினோரு பேர். நான் வழக்கம்போல் தண்ணீரை எடுத்துக்கொண்டேன். ஐஸ், தண்ணீர், ஆவி. பொருள் ஒன்று, நிலை மூன்று. வெண்பலகையில் மூன்று வட்டம் போட்டு, மூன்றாவதில் ‘ஆவி’ என்று எழுதியதுமே ஒரு பையன், “ஓ, அதான் பரிசுத்த ஆவியா டீச்சர்?” என்றான். பாதிப் பேர் தலையாட்டினார்கள். இட்லிப் பானையில் எழுவதற்கும் இறைவனின் ஆவிக்கும் நாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். அதனால் தமிழில் இந்த உவமை உவமையாக நிற்பதில்லை, விளக்கமாகவே மாறிவிடுகிறது.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள். “டீச்சர், ஒரே சொட்டுத் தண்ணி ஒரே நேரத்துல மூனாவும் இருக்காதே. யோர்தான் ஆத்துல திருமுழுக்கு வாங்கி இயேசு நிக்கிறாரு. அப்ப மேலேர்ந்து ‘என் மகன்’னு சொன்னது யாரு? புறா மாதிரி எறங்குனது யாரு?”

எனக்குப் பதில் வரவில்லை. பலகையை அழித்துவிட்டு அடுத்த வாரம் பேசலாம் என்றேன். பட்டர்வொர்த் வந்து சேரும்வரை அந்த ‘யாரு’ காதிலேயே இருந்தது. அவள் ‘எது’ என்று கேட்கவில்லை, ‘என்ன’ என்றும் கேட்கவில்லை.

நாம் தேடும் சொல்லுக்கு இதுதான் முதல் சோதனை என்று இப்போது நினைக்கிறேன். ‘யார்’ என்ற கேள்விக்கு விடையாக அது நிற்க வேண்டும். “மக்கள் தேவர் நரகர் உயர்திணை” என்கிறது நன்னூல். தந்தையும் மகனும் ஆவியாரும் உயர்திணை. அவர்களைச் சுட்டும் பொதுச்சொல் மட்டும் அஃறிணையாக இருந்தால், வாக்கியத்தின் நடுவிலேயே திணை வழுக்கிவிடும். வழுக்கும் இடத்தை எண்ணுப்பெயரே காட்டிக்கொடுக்கிறது. ‘மூன்று நிலைகள்’, ‘மூன்று ஆள்தத்துவங்கள்’ என்கிறோம். மூவர் எங்கே போனார்கள்?

இனி ஒவ்வொன்றாக.

> ஆள்தத்துவம் நூறாண்டுக்கு மேல் புழக்கத்தில் உள்ள சொல். அதை மாற்றினால் குழப்பம்தான்.

ஐயா, சீர்திருத்தச் சபைப் பெரியவர்கள் உழைத்து உண்டாக்கிய சொல் அது, மதிக்கிறேன். ஆனால் நம் ஊர்க் காதில் அது எப்படி விழுகிறது என்று பாருங்கள். பக்கத்து வீட்டுச் சைவ அன்பருக்குத் தத்துவம் என்றால் முப்பத்தாறு தத்துவம். “உங்களுக்கு மூன்று தத்துவமா?” என்று அவர் உண்மையாகவே கேட்டார். தத்துவத்தை நோக்கி யாரும் செபிப்பதில்லை. ‘தத்துவ’த்தை எடுத்துவிட்டு வெறும் ‘ஆள்’ என்று வைத்தால் எதிர்ப்பக்கம் சாய்கிறது. பெரட்டில், அதாவது காலை அணிவகுப்பில், நிறுத்தி ஆள் எண்ணிய தோட்டத்துக் குடும்பம் எங்களுடையது. மூன்று ஆள் என்றால் மூன்று தலை, மூன்று சம்பளம். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் “எத்தனை ஆள்?” என்று கேட்பதும் மூன்று இலை போடத்தான். மூன்று ஆள் என்று சொல்லிவிட்டுக் கடவுள் ஒருவரே என்றால் கேட்பவருக்குக் கணக்கு உதைக்கும்.

> நிலை என்பது பிள்ளைகளுக்குப் புரியும். கிரேக்க மூலத்திலும் ‘நிற்றல்’தானே இருக்கிறது?

இருக்கிறது அக்கா. ஹைப்போ என்றால் கீழ், ஸ்டாசிஸ் என்றால் நிற்றல். அந்த வகையில் உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. ஆனால் திட நிலை, திரவ நிலை, வாயு நிலை என்று தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்திலேயே ‘நிலை’ பிள்ளைகளின் மனத்தில் உட்கார்ந்துவிட்டது. மூன்று நிலை என்றால் ஒன்றே வேறு வேறு வேளையில் மூன்று விதமாகத் தோன்றுவது. மூன்றாம் நூற்றாண்டில் சபெல்லியுசின் பெயரால் அறியப்பட்டு, திருச்சபை மறுத்த கருத்து ஏறக்குறைய இதுவேதான். நான் பலகையில் போட்ட மூன்று வட்டமும் அதைத்தான் கற்பித்தது. தெரியாமல் செய்ததுதான், ஆனாலும் பதினோரு பிள்ளைகளுக்குச் செய்தது.

நடுவில் யாரோ ‘முகம்’ என்றும் கேட்டிருந்தீர்கள். கிரேக்கத்தில் புரோசோப்பொன் என்ற சொல்லுக்கு முகம் என்ற பொருள் உண்டு, உண்மை. ஆனால் பத்துமலை இருக்கும் நாட்டில் முகம் என்றால் ஆறுமுகன்தான் முதலில் நினைவுக்கு வருவார். முகம் ஆறு, முருகன் ஒருவன். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு செயல் உண்டு என்று திருமுருகாற்றுப்படை அழகாகப் பாடும். அது அந்தச் சமயத்தின் செல்வம். நம் கோட்பாடு சொல்வது வேறு. இங்கே தந்தை மகனைப் பார்த்து ‘நீர்’ என்கிறார், மகன் தந்தையைப் பார்த்து ‘அப்பா’ என்கிறார். ஒரு முகம் மற்றொரு முகத்தோடு இப்படிப் பேசாது. ‘மும்மூர்த்தி’யும் ஆகாது. அங்கே படைத்தல், காத்தல், அழித்தல் என்று தொழில் பிரிகிறது. இங்கே தொழிலைப் பிரிக்க முடியாது.

சொல் தடுமாறுவது நமக்கு மட்டும் வந்த சங்கடமில்லை. இதை எழுதும்போது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது நான்காம் நூற்றாண்டின் கதை. 325இல் நிசேயா நகரில் கூடிய திருச்சபை மன்றத்தில் விசுவாச அறிக்கை எழுதினார்கள். அதன் முடிவில் வரும் கண்டன வரியில் ஊஸியா (நாம் ‘பொருள்’ என்கிறோமே, அதற்கான கிரேக்கச் சொல்), ஹைப்போஸ்டாசிஸ் இரண்டும் ஒரே பொருளில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பிறகு சிலர் “ஹைப்போஸ்டாசிஸ் மூன்று” என்றார்கள், சிலர் “ஒன்று” என்றார்கள். ஒன்று என்றவர்கள், மற்றவர்கள் மூன்று கடவுள் கும்பிடுகிறார்கள் என்று சந்தேகப்பட, மூன்று என்றவர்கள், மற்றவர்கள் சபெல்லியுசின் ஆட்கள் என்று சந்தேகப்பட, ஒரே விசுவாசக்காரர்கள் ஒருவரை ஒருவர் விலக்கிவைக்கும் நிலை. 362இல் அலெக்சாந்திரியாவில் அந்நகர ஆயர் அத்தனாசியுஸ் கூட்டிய மன்றம் இரு தரப்பையும் உட்காரவைத்து ஒன்றே ஒன்று கேட்டது: இந்தச் சொல்லை எந்தப் பொருளில் சொல்கிறீர்கள்? கேட்ட பிறகுதான் இரு தரப்பும் சொல்ல வந்தது ஒன்றே என்று தெரிந்தது. ஊஸியா ஒன்று, ஹைப்போஸ்டாசிஸ் மூன்று என்று சொற்களைப் பிரித்து நிலைநிறுத்தியவர்கள் அதன் பிறகு வந்த கப்பதோக்கியர்கள், இன்றைய துருக்கிப் பகுதியின் ஆயர்கள்: பசிலியார், அவர் தம்பி நீசா கிரகோரியார், நண்பர் நசியான்சு கிரகோரியார். மேற்கே அப்போதும் சிக்கல் தீரவில்லை. ஹைப்போஸ்டாசிசைப் பகுதிக்குப் பகுதி இலத்தீனாக்கினால் சுப்ஸ்தான்சியா, அதுவோ அவர்களுக்கு ஊஸியாவைக் குறிக்கும் சொல். மூன்று என்றால் மூன்று என்ன என்று கேட்டால் மனிதப் பேச்சு வறுமைப்பட்டுப்போகிறது, மூன்று பெர்சோனா என்று சொல்வது அதைச் சொல்லிவிடுவதற்காக அல்ல, பேசாமல் இருந்துவிடக் கூடாது என்பதற்காக என்று இலத்தீன் மறைவல்லுநர் அகுஸ்தினாரே எழுதினார்.

நம்மிடமும் அதே கதை நடந்திருக்கிறது. பழைய வேதாகமத்தில் எபிரெயர் 1:3ஐத் திறந்து பாருங்கள். “அவருடைய தன்மையின் சொரூபமுமாயிருந்து” என்று வரும். மூலத்தில் அந்தத் ‘தன்மை’ ஹைப்போஸ்டாசிஸ். அதே சபையார் நிசேயா அறிக்கையில் “பிதாவோடே ஒரே தன்மையுடையவர்” என்கிறார்கள், அங்கே மூலம் ஊஸியா. கத்தோலிக்கத் தமிழில் அந்த இடம் “தந்தையோடு ஒரே பொருளானவர்”. இந்தப் ‘பொருள்’ என்ற சொல்லை நாம் தொட வேண்டாம் என்பது என் கருத்து. கோயிலில் சேர்ந்து சொல்லும் சொல்லைச் சொற்பட்டியலுக்காக அசைக்கக் கூடாது.

> ஊஸியா என்றால் உள்ளது; அப்படியானால் ஹைப்போஸ்டாசிஸ் ‘உள்ளவர்’. உள்ளவர் மூவர். அழகாக இல்லையா?

தம்பி, அழகாகத்தான் இருக்கிறது. படித்ததும் இதுவே போதும் என்று தோன்றியது. இரண்டு நாள் கழித்துத்தான் உறுத்தியது. பேச்சில் ‘உள்ளவர்’ தனியாக நிற்பதில்லை. பணம் உள்ளவர், மனம் உள்ளவர் என்று முன்னால் ஒன்று வேண்டும், என் அம்மாவிடம் சொன்னேன், “என்ன உள்ளவரு?” என்றார். அதைவிடப் பெரியது, மோசேயிடம் கடவுள் “இருக்கிறவராக இருக்கிறேன்” என்று சொன்ன பெயர். அந்த இருக்கிறவர் ஒருவரே. இருக்கிறவருக்கும் உள்ளவருக்கும் தமிழில் எவ்வளவு தூரம்? ‘நித்தியர் மூவர் அல்லர், நித்தியர் ஒருவரே’ என்பது அத்தனாசியுஸ் பெயரில் வழங்கும் அறிக்கையின் போக்கு. உள்ளவர் மூவர் என்றால் அந்த வரம்பை மிதித்துவிடுவோம்.

ஆனாலும் எனக்கு வழி காட்டியது தம்பி சேர்த்த அந்த ‘அர்’தான். இதை நாம் முன்பே ஒருமுறை செய்திருக்கிறோம். என் பாட்டி சூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்குப் போனால், மெழுகுவர்த்தியைப் பிடித்தபடி “பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து” என்றுதான் சிலுவை போடுவார். போர்த்துகீசியர் வழி வந்த ஒலி அது. பிறகு ‘பரிசுத்த ஆவி’ வந்தது. ஆவி என்றால் ‘ஆவி வந்தது’ என்று அஃறிணையாகிவிடுகிறதே என்று சீர்திருத்தச் சபையார் ‘ஆவியானவர்’ என்றார்கள். 1995இல் வந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பு ‘தூய ஆவியார்’ என்றது. சொல் பழையது, விகுதி மட்டும் புதிது. அந்த ‘ஆர்’ வந்த பிறகு ஆவியாரை இட்லிப் பானையோடு யாரும் சேர்க்க முடியாது.

அதையே ‘நிலை’க்குச் செய்யலாம் என்பதுதான் என் முன்மொழிவு: நிலையர்.

பொருள் ஒன்று, நிலையர் மூவர்.

அக்கா கேட்ட ‘நிற்றல்’ அதில் இருக்கிறது. தம்பி கேட்ட ‘அர்’ இருக்கிறது. ஆண்பால், பெண்பால் காட்டாத விகுதி. தண்ணீரை வைத்துச் சோதித்தேன். தண்ணீருக்கு மூன்று நிலை உண்டு, மூன்று நிலையர் கிடையாது. அந்த உவமையை இலக்கணமே உள்ளே விடாது. ‘யார் பேசினார்?’ என்றால் ‘தந்தையாகிய நிலையர்’ என்று விடை வருகிறது. கால்செதோன் மன்றத்தின் (451) பாடத்திலும் வைத்துப் பார்த்தேன். கிறிஸ்துவில் இயல்பு இரண்டு, நிலையர் ஒருவர். ‘நிலை’ என்று வைத்திருந்தால் இந்த வாக்கியம் யாருக்கும் புரிந்திருக்காது.

மேலும் ஒரு செய்தி. எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டியும் கிறிஸ்தவர். அவர்கள் மொழியில் இதற்கு ‘சான் வெய் யீ தீ’. அந்த ‘வெய்’, உணவகத்தில் “ஜி வெய்?” என்று எத்தனை பேர் என மரியாதையாகக் கேட்கும் அதே சொல், இடம் என்ற பொருளும் அதற்கு உண்டாம். மலாயில் ‘திரிதுங்கால்’ என்று மூன்றையும் ஒற்றையையும் ஒட்டவைத்துவிட்டார்கள், நம் ‘மூவொரு’ போல. மூன்று என்பதை மரியாதையோடு எண்ணச் சீனத்துக்கு ஒரு தனிச்சொல் வேண்டியிருக்கிறது. நமக்கு ‘மூவர்’ என்ற எண்ணிலேயே அது அடங்கிவிடுகிறது.

தனிநாயகம் அடிகள் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருந்த காலத்தில், 1679இல் அச்சான, இயேசு சபைக் குரு புரோயென்சாவின் தமிழ்–போர்த்துகீசிய அகராதியை 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். குருக்கள் சொல் சேர்த்த மரபு நம் ஊர் வழியாகவும் ஓடியிருக்கிறது. அந்தத் துணிவில்தான் கேட்கிறேன். குறைகளைத் தயங்காமல் எழுதுங்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து,
மறைக்கல்வி டீச்சர்

---

> அம்மா, ‘நிலையர்’ என்றால் ‘நிலையானவர்’, அழியாதவர் என்று கேட்காதா? அப்படிக் கேட்டால் நீங்கள் தம்பிக்குச் சொன்ன அதே குற்றம் உங்கள் சொல்லுக்கும் வரும். நித்தியர் மூவர் ஆகிவிடுவார்களே.
> – கோலாலம்பூரிலிருந்து

ஐயா, வணக்கம். இதை நான் கவனிக்கவில்லை. சரியான இடத்தில் பிடித்துவிட்டீர்கள்.

‘தன்னிலையர்’ என்று மாற்றிப் பார்த்தேன். ‘தன்னிலை விளக்கம்’ என்று செய்தித்தாள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டுவிட்டது. ‘தனிநிலையர்’ என்றால் பிரிந்து தனியே நிற்பது போலாகிறது, அது இன்னும் மோசம். ஆகவே ‘நிலையர்’ என்றே வைத்து, பட்டியலில் விளக்க வரியைக் கட்டாயமாக்கலாம்: “நிலையர்: அந்த ஒரே பொருளாகவே, தமக்குரிய உறவில் நிற்பவர், தந்தை பெறுபவராக அல்லாமல் பெற்றவராகவும், மகன் பெறப்பட்டவராகவும், தூய ஆவியார் புறப்படுபவராகவும் நிற்கிறார்.” முதல் முறை வரும் இடத்திலெல்லாம் இந்த வரியும் வர வேண்டும். இதற்கு நீங்கள் ஒப்புக்கொண்டால்தான் கட்டத்தை நிரப்புவேன்.

---

> விளக்க வரியோடு என்றால் சம்மதம். ‘தந்தை பெறுபவராக அல்லாமல்’ என்ற தொடரை மட்டும் எடுத்துவிடுங்கள். பெறுதல் என்றால் வாங்குதல் என்றும் ஆகும், பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள்.

எடுத்துவிட்டேன் ஐயா. ‘தந்தை பெற்றவராகவும்’ என்று மட்டும் இருக்கிறது.

நேற்று வகுப்பில் பலகையில் “பொருள் ஒன்று, நிலையர் மூவர்” என்று எழுதினேன். முதலில் ஆவியைக் கேட்ட பையன் நோட்டில் “மூன்று நிலையர்கள்” என்று எழுதியிருந்தான். கடைசி பெஞ்சுப் பெண் எட்டிப் பார்த்து, “மூன்று இல்லடா, மூவர். ‘கள்’ போடாத” என்று அழிப்பானை நீட்டினாள்.

அடுத்த கட்டம் பெரிகொரேசிஸ், ஒருவருள் ஒருவர் இருத்தல். ‘உள்ளுறைதல்’ என்று தம்பி ஏற்கனவே பென்சிலில் குறித்திருக்கிறார். அதை இந்த வாரம் எடுத்துக்கொள்ளலாம்.