13 வாரப் புள்ளியியல் மாடியூலை 4 வார பிளாக்காக மாற்றுவது எப்படி?

கேள்வி (டர்பன்)
வணக்கம். இரண்டாம் ஆண்டுப் புள்ளியியல், 16 கிரெடிட், 180 மாணவர்கள். இப்போது 13 வாரம் நடக்கிறது. வாரத்துக்கு 3 மணி விரிவுரை, 1 மணி டுட்டோரியல். அடுத்த ஆண்டு முதல் நாலு வார பிளாக். அந்த நாலு வாரமும் மாணவர்களுக்கு இந்த ஒரே பாடம்தான். இருக்கிற விரிவுரைகளை நெருக்கி அடுக்கினால் போதுமா? தேர்வுகளை எப்படி வைப்பது? ஏப்ரல், மே மாதம்தான் கிடைக்கும் போலிருக்கிறது.

பதில் 1 (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)
நெருக்கி அடுக்கினால் இரண்டாம் வாரமே பாடம் உடையும். முதலில் மணிக்கணக்கைப் பாருங்கள். நம் தென்னாப்பிரிக்காவில் 1 கிரெடிட் என்றால் 10 மணி நேரக் கற்றல். 16 கிரெடிட்டுக்கு 160 மணி, அதாவது வாரம் 40. உங்கள் வகுப்பு நேரம் மொத்தம் 52 மணி, வாரம் 13. மிச்சம் 27 மணியும் மாணவர் தாமாகப் படிப்பதற்கு. அதில் கை வைக்காதீர்கள். பிளாக்கில் வழக்கமாக நடக்கும் தவறே, "நேரம் இருக்கிறதே" என்று மதியத்தையும் விரிவுரையால் நிரப்புவதுதான்.

நாலு நாள் காலை 9 முதல் 12 வரை வகுப்பு, ஐந்தாம் நாள் டுட்டோரியல். மூன்று மணியும் பேசிக்கொண்டே இருக்க முடியாது. 25 நிமிடம் விளக்கம், பிறகு 35 நிமிடம் தரவை வைத்துக் கணக்கு; இதையே மூன்று முறை.

அடுத்தது திருத்தும் வேலை. ஒரு விடைத்தாளுக்கு 20 நிமிடம் என்றால் 180 தாளுக்கு 60 மணி. அதற்குள் அடுத்த பகுதி முடிந்துவிடும், திருப்பிக் கொடுத்தும் பயனில்லை. 10 நிமிடத்தில் திருத்தக்கூடிய சிறு தேர்வாக வையுங்கள்: 30 மணி, மூன்று பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 10. வியாழன் எழுதினால் திங்கள் காலை தாள் மாணவர் கையில் இருக்க வேண்டும். கூறுபரவல் (மாதிரிக்கு மாதிரி சராசரி எப்படி மாறும் என்பது) புரியாதவருக்குக் கருதுகோள் சோதனை (ஒரு ஊகத்தைத் தரவு ஆதரிக்கிறதா என்று பார்ப்பது) வெறும் சூத்திர மனப்பாடம். யாருக்குப் புரியவில்லை என்பதை மூன்றாம் வாரம் தொடங்கும் முன்பே கண்டுபிடித்தாக வேண்டும்.

பதில் 2 (ஜோகன்னஸ்பர்க்)
ஏப்ரலை முடிந்தவரை தவிருங்கள். 2025-ஐயே பாருங்கள். ஏப்ரல் 14 முதல் மே 9 வரை வைத்திருந்தால் புனித வெள்ளி, குடும்ப நாள், சுதந்திர நாளுக்கான திங்கள் விடுமுறை, தொழிலாளர் நாள் என 20 நாளில் 4 போயிருக்கும். தொடக்க நாளே சித்திரைப் புத்தாண்டு. நம் பிள்ளைகள் பலர் முதல் வகுப்புக்கே வந்திருக்க மாட்டார்கள்.

காய்ச்சலில் மூன்று நாள் படுத்தால், பழைய கணக்கில் அது இரண்டு வாரம் வராததற்குச் சமம். அதனால் நாலு சிறு தேர்வில் சிறந்த மூன்றை மட்டும் எடுக்கலாம். தேர்வெழுதும் தகுதிக்கு வைத்திருக்கும் வருகை விதியையும் இப்போதே திருத்தி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். 13 வாரத்துக்கு எழுதிய விதி இங்கே பொருந்தாது.

கேட்டவர்
நன்றி. விரைவில் மறந்துவிடுவார்கள் என்று சகாக்கள் எதிர்க்கிறார்கள். அது உண்மையா?

பதில் 3 (டர்பன்)
அந்தக் கவலை நியாயமானது. இடைவெளி விட்டுப் படித்தது நிலைக்கும் என்பதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே காட்டிவிட்டார். ஆனால் மாற்று உண்டு. ஒவ்வொரு திங்களும் முதல் 20 நிமிடம் முந்தைய வாரங்களின் கணக்குகளையே கொடுங்கள், புதியது வேண்டாம். அடுத்த பிளாக்கின் ஆசிரியரிடம் பேசி, அங்கேயும் உங்கள் பாடத்திலிருந்து ஒரு தரவுப் பயிற்சி சேருங்கள். அமெரிக்காவின் கொலராடோ கல்லூரியில் 1970 முதல் மூன்றரை வார பிளாக்தான். மெல்பர்ன் விக்டோரியா பல்கலைக்கழகம் 2018-ல் முதலாண்டை நாலு வாரப் பாடங்களாக்கியது. ஒரே பாடத்தில் மூழ்கும் மாணவர் தடுமாறினால் சில நாளிலேயே தெரிந்துவிடும். செமஸ்டரில் அது பெரும்பாலும் இறுதித் தேர்வில்தான் தெரியவரும்.

மறுதேர்வு நாளை மட்டும் அடுத்த பிளாக்கின் நடுவில் வைத்துவிடாதீர்கள். தோற்றவர் இரண்டு பாடத்திலும் சரிவார். பிளாக்குகளுக்கு இடையே மூன்று நாளாவது காலியாக விட்டு, அதில் வையுங்கள்.