லாரித் தடம்: ‘வேபாயிண்ட்’டுக்குத் தமிழ் என்ன?

முதல் மடல்

குழுமத்தாருக்கு வணக்கம்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் தரவில் இயங்கும் லாரி வழிச்செயலி ஒன்றைத் தமிழாக்கும் வேலை நடக்கிறது. அடியில் வழியைக் கணக்கிடுவது வால்ஹல்லா என்ற மென்பொருள் எந்திரம். அதில் பயணத்தின் இடையே வரும் இடங்கள் (வேபாயிண்ட்) நான்கு வகை: பிரேக், த்ரூ, வயா, பிரேக்-த்ரூ. முன்பு செய்த மொழிபெயர்ப்பில் நான்குக்கும் ‘வழிப்புள்ளி’ என்றே போட்டிருக்கிறார்கள். கூடவே ‘ரூட்டிங்’, ‘நேவிகேஷன்’ இரண்டுக்கும் ‘வழிசெலுத்தல்’. பட்டியலைத் திருத்த வேண்டும்.

என் பரிந்துரை: ரூட்டிங் – ஆற்றுப்படுத்தல். ஆறு என்றால் வழி. வழியறிந்தவன் அறியாதவனை அனுப்பிவைப்பதற்கு நம்மிடம் ஆற்றுப்படை என்று ஓர் இலக்கிய வகையே இருக்கிறது. வேபாயிண்ட் – இடைப்புள்ளி.

மறுமொழி

> ரூட்டிங் – ஆற்றுப்படுத்தல்

ஐயா, அழகான சொல். ஆனால் இடம் போய்விட்டது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளின் ஆள்சேர்ப்பு விளம்பரங்களில் ‘ஆற்றுப்படுத்துநர்’ என்றால் கவுன்சலர். செயலியில் ‘ஆற்றுப்படுத்துகிறது, காத்திருக்கவும்’ என்று வந்தால் ஓட்டுநர் தன்னைத் தேற்றுகிறார்கள் என்றுதான் நினைப்பார்.

ரூட்டுக்கு வேறெங்கும் போக வேண்டாம். பேருந்தில் ‘தடம் எண்’ என்று எழுதியிருக்கிறதே, அதுதான் ரூட். ஆகவே ரூட் பிளானிங் – தடம் வகுத்தல். நேவிகேஷன் வேறு வேலை. தடத்தை வகுப்பது புக்கிங் ஆபீஸில், வண்டி கிளம்பும் முன், எடை, உயரம், தடை நேரம், இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்சீட்டு) எல்லாம் பார்த்து. ‘அடுத்த வளைவில் இடப்பக்கம்’ என்பது ஓடும்போது, ஓட்டுநர் காதில். முன்னது தவறினால் ஒரு நாள் போகும். பின்னது தவறினால் அடுத்த யு-டர்ன் வரை டீசல் போகும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்ததுதான் பழைய பட்டியலின் குறை. ‘வழிசெலுத்தல்’ நேவிகேஷனுக்கு மட்டும் இருக்கட்டும்.

ஓடி முடித்தபின் ஜிபிஎஸ் வரைந்து வைக்கும் கோட்டுக்கும் சிலர் ‘தடம்’ என்கிறார்கள். அதற்குச் சுவடு என்று வைத்தால் குழப்பம் தீரும்.

மறுமொழி

சொல்லைத் தேர்வதற்கு முன் அந்த இடைப்புள்ளி லாரிக்கு என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். காருக்கு இடைப்புள்ளி என்றால் டீ குடிக்க நிற்கும் இடம். லாரிக்குப் பெரும்பாலும் அது நிற்கும் இடமே இல்லை. ஒரு சாலையைத் தவிர்க்க வைத்த முளை.

ஈரோட்டிலிருந்து மைசூருக்கு லோடு. கூகுள் மேப்பில் லாரிக்கென்று தனி முறை கிடையாது. கார் கணக்கில் சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம், சாம்ராஜ்நகர் என்று ஏறத்தாழ 200 கி.மீ. காட்டும். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். நீதிமன்ற ஆணைப்படி 2022 பிப்ரவரியிலிருந்து கனரக வண்டிகளுக்கு மாலை 6 முதல் காலை 6 வரை தடை. அதே ஆண்டில் வந்த அடுத்த ஆணையில் 12 சக்கரத்துக்கு மேற்பட்ட வண்டிகளும் 16.2 டன்னுக்கு மேற்பட்ட எடையும் கூடாது. முழு லோடு ஏற்றிய பத்துச் சக்கர லாரிக்குச் சட்டப்படியான மொத்த எடை 28.5 டன். ஆக, அது அந்த மலையைப் பகலிலும் மறந்துவிட வேண்டியதுதான். சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூர் சுற்றித்தான் போக வேண்டும். தூரம் ஏறத்தாழ இரு மடங்கு.

இந்தத் தடையெல்லாம் வரைபடத்தில் குறிச்சொல்லாக ஏறியிருந்தால்தான் எந்திரத்துக்குத் தெரியும். ஏறாத இடத்தில் வகுப்பவர் கையால் ஓசூரில் ஒரு புள்ளி வைத்துத் தடத்தை இழுப்பார். அந்தப் புள்ளியில் வண்டி நிற்காது, ஓட்டுநருக்கு ‘வந்து சேர்ந்தீர்கள்’ என்று சொல்லவும் கூடாது.

பேருந்துப் பலகையில் இதற்கும் சொல் இருக்கிறது. ‘ஈரோடு, வழி: சங்ககிரி’. ஆகவே திரையில் வெறும் ‘வழி: ஓசூர்’. கலைச்சொல் பட்டியலில் வழிப்புள்ளி.

இந்தப் புள்ளியை வைப்பதிலேயே ஆயிரம் தொல்லை. நடுவில் தடுப்பு உள்ள நான்குவழிச் சாலையில் அது எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டால், எந்திரம் அடுத்த இடைவெளி வரை போய்த் திரும்பி வந்து அதைத் தொட்டு, மறுபடி திரும்பச் சொல்லும். சர்வீஸ் ரோட்டில் ஒட்டினால் மேம்பாலத்தில் ஏறாமல் கீழே இறங்கச் சொல்லும். சந்திப்பில் வைக்காமல் அதைத் தாண்டி ஒன்றிரண்டு கி.மீ. தள்ளி, நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்து, போகும் திசையின் இடப்பக்கச் சாலையில் வைக்க வேண்டும். உதவிப் பக்கத்தை எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்துவிடுங்கள்.

மறுமொழி

> நான்குக்கும் ‘வழிப்புள்ளி’ என்றே

நான்கு பெயர்ச்சொல் தேவையே இல்லை. வால்ஹல்லாவின் நான்கு வகையும் இரண்டே கேள்விகளின் விடை. ஒன்று, அங்கே பயணத்தின் ஒரு கட்டம் முடிகிறதா? இரண்டு, அங்கே வண்டி யு-டர்ன் அடிக்கலாமா? பிரேக்: முடியும், திரும்பலாம். பிரேக்-த்ரூ: முடியும், திரும்பக் கூடாது. வயா: முடியாது, திரும்பலாம். த்ரூ: முடியாது, திரும்பக் கூடாது. கட்டம் முடிவது நிறுத்தம், முடியாதது வழிப்புள்ளி. ‘இங்கே திரும்ப வேண்டாம்’ என்பது பக்கத்தில் ஒரு தேர்வுப்பெட்டி, அவ்வளவுதான். நாற்பது அடி டிரெய்லருக்கு அது எப்போதும் தேர்ந்தபடியே இருக்கட்டும்.

‘புள்ளி’ பற்றி ஓர் எச்சரிக்கை. லாரிக்காரர் பேச்சில் ‘பாயிண்ட்’ என்றால் சரக்கு இறக்கும் இடம். ‘மூணு பாயிண்ட் இறக்கம்’ என்றால் மூன்று பார்ட்டிக்கு இறக்க வேண்டும் என்று பொருள், அதற்குத் தனி வாடகைப் பேச்சு. திரையில் ‘3 புள்ளிகள்’ என்று காட்டினால் சண்டை வரும். ஆகவே திரையில் புள்ளி என்ற சொல்லே வேண்டாம்: ஏற்றுமிடம், இறக்குமிடம், வழி.

இறக்குமிடத்தில் திரைக்கான இன்னொரு தொடர் வருகிறது, ‘பிரிஃபர்டு சைடு’. ‘விருப்பப் பக்கம்’ என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள், ஒன்றும் விளங்கவில்லை. வண்டி போகும் பக்கமே கேட் இருக்க வேண்டுமா, எதிரே இருந்தாலும் சரியா என்பதே கேள்வி. ‘நம் பக்கம் / எதிர்ப்பக்கம் / எதுவும்’ என்று போடலாம்.

மறுமொழி

சொல் இல்லை, எண் ஒன்று. லாரி உயரத்துக்கு எந்திரம் தானாக எடுத்துக்கொள்வது 4.11 மீட்டர். ஹை-கியூப் (உயரம் கூடிய) கண்டெய்னரின் உயரம் மட்டுமே 2.9 மீட்டர், டிரெய்லர் தளம் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் இருந்தால் மொத்தம் 4.4. எண்ணை மாற்றாமல் விட்டால் 4.2 மீட்டர் ரயில்வே பாலத்துக்கு அடியில் அனுப்பிவிடும். பாலத்தின் உயரம் வரைபடத்தில் ஏறவே இல்லையென்றால் தடையே இல்லை என்று எடுத்துக்கொள்ளும். அதனால் அந்தப் பெட்டிக்கு ‘உயரம்’ என்று போடாதீர்கள்; ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்து நிரப்புவார்கள். ‘லோடோடு உயரம்’ என்று இருக்கட்டும், தார்ப்பாய் உச்சி வரை அளப்பார்கள்.

இ-வே பில்லையும் தடம் வகுத்தலோடு கட்ட வேண்டும். சாதாரணச் சரக்குக்கு 200 கி.மீ.க்கு ஒரு நாள் என்று கெடு. இ-வே பில் இணையதளம் புறப்படும் இடம், சேருமிடம் இரண்டின் பின்கோடை வைத்துத் தூரம் சொல்லும். அதற்கு மேல் 10 சதவீதம் வரைதான் கூட்டிப் போடலாம். திம்பத்துக்குப் பதில் ஓசூர் சுற்றினால் அந்தப் பத்துக்குள் அடங்காது. கெடு முடிவதற்கு 8 மணி நேரம் முன்போ பின்போ நீட்டிக்க வேண்டும்; விட்டால் வழியில் மாட்டும். ஆகவே ‘வேலிடிட்டி’க்குச் ‘செல்லுபடித்தன்மை’ என்று நீட்டாமல் ‘கெடு’ என்றே போடுங்கள்.

மறுமொழி

எல்லாம் சரி. ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தம் வரையான ‘லெக்’ விட்டுப்போயிற்றே. மண் லாரிக்காரர்கள் ‘இன்னிக்கு நாலு நடை’ என்கிறார்கள். நடை என்று வைக்கலாமா?

மறுமொழி

நடை என்றால் போய்த் திரும்புவது. லெக் அதில் ஒரு துண்டு. டிரிப்புக்கு நடையை எடுத்துக்கொள்வோம், லெக்குக்கு மேலே ஒருவர் பெயர் வைக்காமலே பயன்படுத்திவிட்ட ‘கட்டம்’ போதும். ‘கட்டம் 2: பவானி இறக்குமிடம், வழி: சித்தோடு’. இது சிறிய திரையிலும் ஒரே வரியில் நிற்கிறது.