எது எளிது என்று கேட்டுப் பாருங்கள்: மாணவர் கண்காட்சி அனுபவங்கள்

ஓவியப் பிரிவு முன்னாள் மாணவி, சென்னை:

நான் படித்த கல்லூரியின் ஆண்டு இறுதிக் கண்காட்சியில், ஒரு மாணவியின் படைப்புக்கு அருகில் நின்று வருகிறவர்களுக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. எளிமையும் சிக்கலும்தான் அவள் எடுத்துக்கொண்ட பொருள். கரும்பலகை இரண்டு, புள்ளிகளுக்குப் பதில் ஆணிகள், அவற்றைச் சுற்றி வெள்ளைக் கயிற்றால் சிக்குக் கோலம். இடப்பக்கம் நான்கு வரிசை, வரிசைக்கு நான்கு புள்ளி. வலப்பக்கமும் நான்கு வரிசைதான், ஆனால் வரிசைக்கு ஐந்து புள்ளி.

பக்கத்தில் நீளமான விளக்கக் குறிப்பு ஒட்டியிருந்தது. அதைப் படித்தவர்கள் மரியாதையாகத் தலையசைத்துவிட்டு அடுத்த படைப்புக்குப் போனார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அத்தனை யோசித்துச் செய்த படைப்பை "கோலம்தானே" என்று கடந்துபோவதா?

குறிப்பை விட்டுவிட்டு, வந்தவர்களிடம் கேட்க ஆரம்பித்தேன்: "இந்த இரண்டில் எது எளிது?" பெரும்பாலோர் இடப்பக்கத்தைக் காட்டினார்கள். சதுரம், நான்கு புறமும் ஒரே அளவு, கண்ணுக்கு அடக்கமாக இருக்கிறது. "சரி, மூலையில் விரலை வைத்து இழையைப் பிடித்துக்கொண்டே போங்கள்" என்பேன். விரல் எதிர் மூலைவரை ஓடி, குறுக்காக உள்ள நான்கு புள்ளிகளை மட்டும் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். மற்ற கயிறுகளைக் குறுக்கே கடந்திருக்கும், அவற்றின் வழியே போயிருக்காது. அந்தச் சதுரத்துக்குள் இருப்பவை நான்கு தனித்தனி இழைகள். வலப்பக்கத்தில் விரல் வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருக்கும்; 20 புள்ளிகளையும் சுற்றிய பிறகே ஆரம்பித்த இடத்துக்கு வரும். சிக்கலாகத் தெரிந்தது ஒற்றைக் கயிறு. அதற்குப் பிறகு யாரையும் நான் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு பாட்டி விரலே வைக்கவில்லை. புள்ளிகளை எண்ணிய உடனே, "நாலுக்கு நாலு என்றால் ஒரே இழையில் கூடாதம்மா. இதோ, வரிசைக்கு ஒரு புள்ளி கூடுதலாக வைத்திருக்கிறாளே, இது கூடும்" என்றார். அருகில் நின்றவர்களுக்கு அவரே விளக்கவும் தொடங்கிவிட்டார். அந்த மாணவி ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கணித ஆசிரியை, தாம்பரம்:

பாட்டி சொன்னது கணக்கிலும் சரி. எல்லா இடைவெளியிலும் இழை குறுக்காகக் கடந்து, ஓரத்தில் மட்டும் திரும்பும் கோலமாக இருந்தால், வரிசைகளின் எண்ணிக்கைக்கும் ஒரு வரிசையிலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கைக்கும் உள்ள மீப்பெரு பொது வகுத்தி (இரண்டையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண், மீ.பொ.வ.) எவ்வளவோ, அத்தனை இழைகள். 4, 5 என்றால் ஒன்று. 4, 6 என்றால் இரண்டு. 6, 9 என்றால் மூன்று. மீ.பொ.வ. எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளிடம் கயிறும் ஆணிப்பலகையும் கொடுத்தால் வகுப்பே மாறிவிடுகிறது. எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கல்லூரியின் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, வேறு இருவருடன் சேர்ந்து 1974இலேயே கோலத்தையும் கணினி இலக்கணத்தையும் (விதிகளைக் கொண்டு வடிவங்களை உருவாக்கும் முறை) இணைத்துக் கட்டுரை எழுதியவர். இந்த மாணவி அவசியம் அதைப் படிக்க வேண்டும்.

ஓவியப் பிரிவு முன்னாள் மாணவி, சென்னை:

அவளிடம் சொல்கிறேன், டீச்சர். குறிப்பை இப்போது இரண்டே வரியாகக் குறைத்துவிட்டாள்: எது எளிது? விரலால் தொடர்ந்து பாருங்கள். அடுத்த முறை பலகைகளைச் சுவரில் மாட்டாமல் தாழ்வான மேசையில் கிடத்தச் சொல்லியிருக்கிறேன். கோலத்தை மேலிருந்து பார்த்தே பழகியவர்கள் நாம். சிறு பிள்ளைகளுக்கும் கை எட்டும்.